லேப்டாப்பே வெப்பமானி: நீலகிரித் தோட்டத்தில் உறைபனியை அளக்க ஒரு மெய்நிகர் கருவி

ஜனவரி மாதம். துடைத்துவிட்டது போல் வானம் தெளிந்திருக்கும் இரவு. வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கும் வெப்பமானி 4 டிகிரி காட்டுகிறது. விடிந்து போய்ப் பார்த்தால் பள்ளத்துக் கேரட் தோட்டம் முழுக்க வெள்ளை விரித்திருக்கிறது, கீழ்ப்பாத்தித் தேயிலை அடுத்த இரண்டு மூன்று நாளில் கருகிப் போகிறது. வெப்பமானியில் கோளாறு எதுவும் இல்லை. அது தாழ்வாரத்தின் குளிரைச் சொன்னது. பயிர் நின்றது வேறு குளிரில்.

தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. தெளிந்த, காற்றில்லாத இரவில் புல்லும் இலையும் தம் சூட்டை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். ஆள் உயரத்தில் 3, 4 டிகிரி இருக்கும்போதே புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஆகவே ஒரே இடத்தில் ஒரு வெப்பமானி போதாது. புல்லை ஒட்டி, ஆள் உயரத்தில், மண்ணுக்குள், மேட்டுப் பக்கம் என நான்கு இடத்தில், ஒரே நேரத்தில், இரவு முழுக்க, நிமிடத்துக்கு ஒரு முறை அளக்க வேண்டும். மனிதரால் ஆகாத இந்த வேலையைப் பழைய லேப்டாப் ஒன்றும் கையளவுப் போர்டு ஒன்றும் செய்துவிடும். அதை முதலிலிருந்து செய்வது எப்படி என்பதே இந்தக் கட்டுரை. மின்னணுவியல் படித்திருக்க வேண்டியதில்லை. மல்டிமீட்டர் பிடிக்கவும் ஒயர் சீவவும் தெரிந்தால் போதும்.

மெய்நிகர் கருவி என்பது என்ன

கடையில் வாங்கும் மீட்டரில் உணரும் பகுதி, எண்ணாக மாற்றும் பகுதி, காட்டும் முகம் மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். மெய்நிகர் கருவியில் முகம் மட்டும் கணினித் திரைக்குப் போய்விடுகிறது. முள், விளக்கு, பட்டன், வரைபடம், நினைவகம் எல்லாம் மென்பொருள். வெளியே மிச்சம் இருப்பவை சென்சாரும், அது தரும் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் போர்டும்தான். நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1986-ல் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளியிட்ட லேப்வியூ என்ற மென்பொருள் இந்த முறையை உலகெங்கும் பரப்பியது. ஊட்டிக்குப் பக்கத்து முத்தொரையில் மலைச்சரிவோடு சாய்ந்து நிற்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியிலும் சங்கிலி இதுதான்: உணர்வது, எண்ணாக்குவது, கணினியில் பார்ப்பது.

லாபம் என்னவென்றால், முகத்தை நாம் நினைத்தபடி மாற்றலாம். இரண்டு சென்சாருக்கு இடையிலான வித்தியாசத்தைத் தனி முள்ளாகக் காட்டச் சொன்னால் காட்டும். எந்தக் கடை வெப்பமானியிலும் அந்த முள் கிடையாது. உறைபனிக்கு அதுதான் முக்கியமான முள், அதைப் பின்னால் சொல்கிறோம்.

ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. உள்ளே எது வந்தாலும் மென்பொருள் அதை இரண்டு தசம இடத்தோடு அழகாகக் காட்டிவிடும். ஒயர் அறுந்திருந்தாலும் ஓர் எண் வரும். அதனால் இந்தக் கட்டுரையில் திரையைவிட ஐஸ் பாத்திரத்துக்கும் ஒயருக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

வாங்க வேண்டியவை

சென்சாரைப் படித்து லேப்டாப்புக்கு எண் அனுப்பும் ஆர்டுயினோ ஊனோ போர்டு 1. யூஎஸ்பி இணைப்புக்குச் சிஎச்340 சிப் வைத்த மலிவு நகல் போர்டே போதும். வெப்பம் அளக்கும் டிஎஸ்18பி20 சென்சார் 4, எஃகு முனையும் 1 மீட்டர் ஒயரும் உள்ள, நீர் புகாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் 1 (உடைந்தால் மாற்ற 5 வாங்கி வையுங்கள், விலை பைசாக் கணக்கு). நெட்வொர்க்குக்குப் போடும் கேட்-5 கேபிள் 20 மீட்டர். ஸ்க்ரூ முறுக்கும் டெர்மினல் கட்டை, மூடி இறுகும் பிளாஸ்டிக் ஜங்ஷன் பெட்டி 2, ஒயர் நுழையும் இடத்துக்கு ரப்பர் வளையம் உள்ள கிளாண்டு 6, சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்து. லேப்டாப் எவ்வளவு பழையதானாலும் சரி, பேட்டரி ஒரு மணி நேரமாவது தாங்கினால் நல்லது.

சென்சாரில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். டிஎஸ்18பி20-இல் போலி சிப் ஏராளமாகப் புழங்குகிறது. அசல் சிப் மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்குள் சரியாகக் காட்டும். போலியில் அந்த உறுதி இல்லை. நான்கு தேவையென்றால் ஆறு வாங்கி, ஐஸ் சோதனையில் மற்றவற்றோடு ஒட்டாத இரண்டைத் தள்ளிவிடுங்கள்.

பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் வருவது எல்எம்35 என்ற வெப்பச் சென்சார். ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும், புரிந்துகொள்ள எளிது. ஆனால் உறைபனிக்கு அது உதவாது. 5 வோல்ட் மட்டும் கொடுத்து ஓட்டினால் ஏறக்குறைய 2 டிகிரிக்குக் கீழே அதனால் சொல்ல முடியாது. நமக்கு வேண்டியதோ அதற்குக் கீழே நடப்பது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஊனோ போர்டு 0 முதல் 5 வோல்ட் வரை உள்ளதை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி 4.88 மில்லிவோல்ட், அதாவது எல்எம்35 கணக்கில் அரை டிகிரி. அந்த 5 வோல்ட் யூஎஸ்பியிலிருந்து வருவது. பழைய லேப்டாப்பில் அது 4.75 ஆக இருந்தால், நிஜம் 20 டிகிரியாக இருக்கும்போது திரையில் 21 வரும். சென்சார், நிரல் இரண்டும் சரியாக இருந்தும் பதில் தப்பு. அளவுகோலே சுருங்கிவிட்டதுதான் காரணம்.

டிஎஸ்18பி20-இல் எண்ணாக்கும் வேலை அந்த எஃகு முனைக்குள்ளேயே முடிந்து, ஒயரில் எண் மட்டும் வருகிறது. ஒயர் நீளத்தால் மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் வெப்ப அளவு மாறாது. புதியவர்கள் இதில் தொடங்கச் சொல்வது அதனால்தான்.

மேசை மேல் முதல் இணைப்பு

தோட்டத்துக்குப் போவதற்கு முன் எல்லாவற்றையும் மேசையில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு நாளாவது ஓடட்டும்.

சென்சாரின் சிவப்பு ஒயர் 5 வோல்ட்டுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் தரவு ஒயர். சில வகைகளில் நிறம் மாறி வரும், விற்றவர் தந்த தாளைப் பார்த்துவிட்டு இணையுங்கள். நான்கு மஞ்சள் ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்து ஆர்டுயினோவின் 2-ஆம் பின்னில் கொடுங்கள். அந்த மஞ்சளுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. சென்சாருக்கு ஒன்று என்று நான்கு போடக்கூடாது, மொத்த வரிசைக்கும் சேர்த்து ஒன்றுதான். இது இல்லாவிட்டால் எதுவுமே வராது. புதியவர்கள் விட்டுவிடும் முதல் பொருள் இதுதான்.

மின்சாரம் கொடுத்த உடனே ஒவ்வொரு எஃகு முனையையும் விரலால் தொடுங்கள். ஏதாவது ஒன்று சூடாக இருந்தால் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. உடனே யூஎஸ்பியை உருவுங்கள். சில நொடிகளில் கவனித்துவிட்டால் சென்சார் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஆர்டுயினோ மென்பொருளில் 'ஒன்வயர்', 'டல்லாஸ் டெம்பரேச்சர்' என்ற இரண்டு லைப்ரரிகளைச் சேர்த்தால் அவற்றோடு மாதிரி நிரல்களும் வரும். ஒவ்வொரு சென்சாருக்கும் பிறப்பிலேயே ஒரு 64 பிட் முகவரி உண்டு. ஒரே ஒயரில் நான்கும் பேச முடிவது அதனால்தான். நால்வரையும் ஒன்றாக மாட்டிவிட்டு எது எது என்று தேடாதீர்கள். ஒவ்வொன்றாக மாட்டி, முகவரியைப் படித்து, நோட்டில் எழுதி, அந்த ஒயரின் இரு முனையிலும் 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டுங்கள். நிரலில் முகவரியை வைத்தே கேளுங்கள். 'முதலில் கிடைத்தவர், இரண்டாவது கிடைத்தவர்' என்று கேட்டால், ஒரு சென்சார் செத்த அன்று மற்றவை வரிசை மாறி, மண்ணின் வெப்பம் புல்லின் பெயரில் பதிவாகும். வெளியே தெரியாத பிழை அது.

இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 85 வந்தால் அது வெப்பநிலை அல்ல. சென்சார் இப்போதுதான் விழித்திருக்கிறது, இன்னும் அளக்கவில்லை என்று பொருள். 12 பிட் துல்லியத்தில் ஒரு முறை அளக்க 750 மில்லி நொடி தேவை, அதற்குள் கேட்டுவிட்டீர்கள். அல்லது அளக்கும்போது மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனது, அதாவது டெர்மினலில் ஒயர் தளர்ந்திருக்கிறது. மைனஸ் 127 வந்தால் சென்சாரிடமிருந்து பதிலே இல்லை. ஒயர் அறுந்தது, ரெசிஸ்டர் கழன்றது, இணைப்பில் ஈரம் ஏறியது, இந்த மூன்றில் ஒன்று.

ஐஸ் சோதனை

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பூஜ்யத்துக்கு மேலா கீழா என்பதுதான் நம் கேள்வி. பூஜ்யத்தில் அரை டிகிரி தப்பினால் கருவி முழுவதும் தப்பு.

வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்றை எடுங்கள். குடிக்கிற தண்ணீரில் செய்த ஐஸைத் துணியில் சுற்றித் தட்டிக் கடலைப் பருப்பு அளவுக்கு உடைத்து, விளிம்பு வரை நிரப்புங்கள். இடைவெளி நிறைகிற அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரில் ஐஸ் மிதக்கக் கூடாது, ஐஸுக்கு நடுவே தண்ணீர் இருக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் வெள்ளையாகக் காய்ந்து தெரிந்தால் அது இன்னும் மைனஸில் இருக்கிறது. நனைந்து கண்ணாடி போலப் பளபளக்கும் வரை பொறுங்கள். உப்பு ஒரு கல்கூட விழக்கூடாது, விழுந்தால் பூஜ்யம் கீழே இறங்கிவிடும்.

நான்கு முனைகளையும் ரப்பர் பேண்டால் ஒரு கட்டாகக் கட்டி, குறைந்தது 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்குங்கள். அடியிலோ சுவரிலோ படக்கூடாது. ஒரு குச்சியால் அவ்வப்போது கலக்கிக்கொண்டே 10 நிமிடம் காத்திருங்கள். எண் ஆடாமல் நின்ற பிறகு ஒவ்வொன்றையும் 10 முறை குறித்துச் சராசரி எடுங்கள்.

எண்கள் 0.0625 டிகிரிப் படிகளாகத்தான் மாறும், அது சென்சாரின் இயல்பு. ஒன்றாம் எண் 0.44 காட்டினால் இனி அது சொல்லும் எல்லாவற்றிலிருந்தும் 0.44-ஐக் கழிக்க வேண்டும். இரண்டாம் எண் மைனஸ் 0.19 காட்டினால் 0.19 கூட்ட வேண்டும். இந்தக் கூட்டல் கழித்தலைத் தலைகீழாகப் போட்டு, பிழையை இரட்டிப்பாக்கிக்கொள்வது வழக்கமாக நடக்கிறது. திருத்தத்தை நிரலில் போட்டபின் அதே ஐஸில் மறுபடி இறக்கிப் பாருங்கள், நான்கும் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் விலகி நிற்கும் சென்சாரைத் திருத்தி வைத்துக்கொள்ளாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

புத்தகத்தில் இரண்டாவது புள்ளியாகக் கொதிநீரைச் சொல்லியிருப்பார்கள், 100 டிகிரி என்று. அது கடலோரக் கணக்கு. நம் மலையில் காற்றழுத்தம் குறைவு. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94-ஐ ஒட்டியும், கூடலூரில் 96-க்கு மேலும், கொடைக்கானலில் 93-ஐ ஒட்டியும் இருக்கும். ஊட்டியில் கொதிநீரை 100 என்று நம்பிச் சென்சாரைத் திருத்தினால், சரியாக இருந்த சென்சாரை நாமே 7 டிகிரி கெடுத்தவர்களாவோம். ஐஸ் உருகும் புள்ளி உயரத்தால் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறாது. மலைக்காரர்களுக்கு ஐஸ்தான் நம்பகமான அடையாளம். இரண்டாவது புள்ளி வேண்டுமென்றால் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானியையும் நம் சென்சார்களையும் வெதுவெதுப்பான தண்ணீரில் சேர்த்து வைத்து 37 டிகிரி சுற்றில் ஒப்பிடுங்கள்.

(காற்றழுத்தச் சென்சார் மாட்டுபவர்களுக்கும் இதே குழப்பம் வரும். ஊட்டியில் பிஎம்பி280 ஏறக்குறைய 770 ஹெக்டோபாஸ்கல் காட்டும். வானிலைச் செய்தியில் ஆயிரத்துச் சொச்சம் வருகிறதே என்று சென்சாரைத் திருப்பி அனுப்பாதீர்கள். செய்தியில் வருவது கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொன்ன கணக்கு.)

திரை முகத்தை அமைப்பது

போர்டுக்குச் சின்ன வேலை மட்டும் கொடுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை நான்கையும் அளந்து, ஒரு வரிசை எண்ணும் நான்கு வெப்ப எண்களும் கமாவால் பிரித்து ஒரே வரியாக அனுப்பினால் போதும். திருத்தம், எச்சரிக்கை, வரைபடம், தேதி எல்லாம் லேப்டாப்பில் இருக்கட்டும். நாளை மாற்ற நினைக்கும்போது மழையில் போய்ப் போர்டைக் கழற்ற வேண்டியிருக்காது.

லேப்டாப் பக்கம் இரண்டு வழி. லேப்வியூவின் கம்யூனிட்டி பதிப்பை வணிகமல்லாத சொந்த வேலைக்கு இலவசமாகப் பயன்படுத்தலாம். படங்களை ஒயரால் இணைப்பது போல நிரல் வரையலாம், முள்ளும் விளக்கும் இழுத்துப் போட்டால் வந்துவிடும். ஆனால் கனமான மென்பொருள், பழைய லேப்டாப் திணறும். பைத்தான் நிரல் மொழியில் பைசீரியல் (போர்டு அனுப்புவதைப் படிக்க), மேட்பிளாட்லிப் (வரைபடம் வரைய) இரண்டு லைப்ரரிகளையும் சேர்த்தால் ஐம்பது அறுபது வரியில் இதே வேலை முடியும், பத்து வருட லேப்டாப்பிலும் ஓடும். தோட்டத்துக்கு எங்கள் பரிந்துரை பைத்தான். கல்லூரிச் செய்முறைக்கு லேப்வியூ.

எதில் எழுதினாலும் சுற்றின் வரிசை இப்படி இருக்கட்டும்: வரியைப் படி, சரிபார், கோப்பில் எழுது, பிறகு வரை. வரைவதை முதலில் வைத்தால், வரைபடம் உறைந்து நின்ற இரவில் பதிவும் நின்றுவிடும். ஒவ்வொரு வரியையும் எழுதியவுடன் வட்டில் இறக்கிவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போகும்போது நினைவகத்தில் தேங்கிய கடைசிப் பகுதி காணாமல் போகும்.

லேப்டாப் நிரல் யூஎஸ்பி இணைப்பைத் திறந்தவுடன் ஊனோ போர்டு ஒரு முறை தானாக மறுதொடக்கம் ஆகும். 2 நொடி பொறுத்துப் படியுங்கள், அரைகுறையாக வரும் முதல் வரியைத் தள்ளிவிடுங்கள். வேகம் இரு பக்கமும் 9600 என்று ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் திரையில் கிறுக்கல்தான் வரும். லினக்ஸில் அனுமதி இல்லை என்று சொன்னால் உங்கள் பயனர் பெயரை 'டயல்அவுட்' குழுவில் சேருங்கள். உபுண்டு 22.04-இல் சிஎச்340 போர்டு தோன்றி மறைந்தால் 'பிஆர்எல்டிடிஒய்' என்ற பிரெய்ல் மென்பொருள் போர்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர்கள் அதை நீக்கிவிடலாம்.

85, மைனஸ் 127, இன்னும் மைனஸ் 20-க்குக் கீழே அல்லது 50-க்கு மேலே எது வந்தாலும் வெப்பமாக எடுக்காதீர்கள். ஆனால் சத்தமில்லாமல் விழுங்கவும் விடாதீர்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் பிழை என்று ஒரு குறி எழுதச் சொல்லுங்கள். பிழை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை வைத்துத்தான் பிறகு ஈரமா, எலியா என்று கண்டுபிடிப்பீர்கள்.

தேதியை 2025-01-09 போல வருடம் முன்னால் வரும்படி எழுதுங்கள். இல்லையென்றால் எக்செல் நாளையும் மாதத்தையும் புரட்டிவிடும். ஒரு நாளுக்கு 1,440 வரி, நூறு கிலோபைட்டைத் தொடாது. மூன்று மாதப் பனிக்காலம் முழுவதும் சேர்த்தாலும் ஒரு சின்ன வீடியோவின் அளவுகூட வராது. நாளுக்கு ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை விளக்கைப் பூஜ்யத்தில் வைக்காதீர்கள், புல் சென்சார் 2 டிகிரியைத் தொடும்போது எரியட்டும். எழுந்து, பயிரைக் காக்க மோட்டார் போட்டு, தெளிப்பானில் தண்ணீர் வர நேரம் வேண்டும். தொடர்ந்து மூன்று அளவுகள் 2-க்குக் கீழே இருந்தால் மட்டும் ஒலி எழுப்பவும், 3-ஐத் தாண்டினால் மட்டும் அணையவும் செய்யுங்கள். இந்த இடைவெளி இல்லாவிட்டால் 1.9, 2.1 என்று ஆடும்போது இரவெல்லாம் கத்தி, மூன்றாம் நாள் நீங்களே ஸ்பீக்கரை அணைத்துவிடுவீர்கள். இன்னொன்று: தெளிப்பான் ஓட்டத் தொடங்கினால் வெயில் ஏறி ஐஸ் உருகும் வரை நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் நனைந்த இலை ஆவியாதலால் இன்னும் குளிர்ந்து, ஓட்டாமல் இருந்ததைவிட மோசமாகும்.

தோட்டத்தில் எங்கே வைப்பது

ஒன்றாம் எண், புல்லுக்கு அல்லது பாத்திக்கு 5 சென்டிமீட்டர் மேலே, வானத்தைப் பார்த்தபடி. இதற்கு மூடி போடக்கூடாது. வானம் தெரிந்தால்தான் இலை குளிர்வது போல இதுவும் குளிரும். இரண்டாம் எண், 1.2 மீட்டர் உயரத்தில், வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கிய கூண்டுக்குள், காற்று புகும்படி. மூன்றாம் எண், மண்ணுக்குள் 10 சென்டிமீட்டர். நான்காம் எண், ஒயர் எட்டும் வரை மேட்டுப் பக்கம், ஒன்றாம் எண்ணைப் போலவே 5 சென்டிமீட்டர் உயரத்தில்.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர் போல இறங்கி, பள்ளத்திலும் சுவர், அடர்ந்த வேலி இவற்றின் மேட்டுப் பக்கத்திலும் தேங்கும். ஒன்றாம் எண்ணை வைக்க வேண்டிய இடம் அதுதான், தோட்டத்தின் நடுவில் அல்ல. பகலில் வெயில் பட்டு ஒன்றும் நான்கும் 35-ஐத் தாண்டிக் காட்டும். அது உலோக முனையின் சூடு, காற்றின் சூடு அல்ல. அந்தப் பகல் எண்களை எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

ஒயரை நட்சத்திரம் போல நான்கு திசைக்குப் பிரிக்காதீர்கள். போர்டிலிருந்து ஒரே நீளமாக ஓட்டி, வழியில் ஒவ்வொரு சென்சாரையும் குட்டைக் கிளையாக மாட்டுங்கள். நட்சத்திரமாகப் பிரித்தால் சிக்னல் ஒவ்வொரு முனையிலும் மோதித் திரும்பி, மேசையில் ஓடியது தோட்டத்தில் ஓடாது. 20 மீட்டர் வரை 4.7 கிலோ ஓம் சிரமமில்லாமல் ஓட்டும். இன்னும் நீண்டால் 2.2 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள். போர்டுக்கும் லேப்டாப்புக்கும் இடையே யூஎஸ்பி கேபிள் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. வீடு தள்ளி இருந்தால் நீண்ட ஒயரில் தரவு அனுப்பும் ஆர்எஸ்-485 மாற்றி இரண்டு போட்டு ஒரு கிலோமீட்டர் வரை கொண்டுபோகலாம். ஒயரே வேண்டாமென்றால் உரிமம் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸில் ஓடும் லோரா என்ற ரேடியோ போர்டு இருக்கிறது. ஆனால் முதல் பனிக்காலத்தில் அதைத் தொடாதீர்கள். பிழை எங்கே என்று தேடும் இடங்கள் இரட்டிப்பாகும்.

மூடுபனி மழையைவிடப் பொல்லாதது. மழை மேலிருந்துதான் வரும், மூடுபனி எல்லாப் பக்கமும் புகும். ஒயர் பெட்டிக்குள் அடிப்பக்கமாக நுழைய வேண்டும், நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு மாதம் ஒரு முறை மாற்றுங்கள். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். இரண்டு மாதத்தில் செம்பு பச்சையேறி மைனஸ் 127 வரத் தொடங்கும். சால்டர் செய்து, பசை உள்ள சுருங்கு குழாய் போடுங்கள்.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத் தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. முழங்கால் உயரத்தில் தொங்கும் ஒயர் ஒரே இரவில் போய்விடும். ஒயரைப் பிவிசி குழாய்க்குள் விட்டு ஓரடி ஆழத்தில் புதையுங்கள். எலிக்கும் இதுவே மருந்து.

இடியை மட்டும் எந்தப் பெட்டியும் தடுக்காது. ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வகம் 2014 டிசம்பர் 1 அன்று தலைக்கு மேல் கடந்த ஒரு இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருந்ததை, வானிலிருந்து இறங்கும் மியூவான் என்ற நுண்துகள்களைக் கொண்டு கணக்கிட்டது. அப்படிப்பட்ட மேகத்தின் கீழே 20 மீட்டர் ஒயரை விரித்து அதன் முனையை லேப்டாப்பில் செருகி வைத்திருக்கிறோம். நேரடியாக விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே ஒயரில் தூண்டப்படும் மின்சாரம் யூஎஸ்பி வழியாக மதர்போர்டுக்குப் போகும். போர்டையும் லேப்டாப்பையும் மின்சாரத்தில் பிரித்து வைக்கும் யூஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்று போடுங்கள். வடகிழக்குப் பருவமழையிலும் கோடை மழையிலும் இடி கேட்டவுடன் கேபிளை உருவிவிடுங்கள். தெளிந்த வானமுள்ள பனி இரவில்தான் நமக்கு அளவு தேவை, அன்று இடி இருக்காது.

லேப்டாப்பில் தூக்க நிலை, மூடியை மூடினால் உறங்குவது, யூஎஸ்பிக்கு மின்சாரம் குறைப்பது மூன்றையும் அணையுங்கள். விண்டோஸ் புதுப்பிப்பைப் பனிக்காலம் முடியும் வரை தள்ளிப் போடுங்கள். அதிகாலை 3 மணிக்கு அது தானாக மறுதொடக்கம் ஆகித் தொலைக்கும்.

வரைபடத்தைப் படிப்பது

ஒன்றாம் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனிக் கோடாக வரையுங்கள். மாலை மங்கியவுடன் இந்த இடைவெளி விரியத் தொடங்கினால் வானம் தெளிவு, காற்று இல்லை, பனி வரும் வாய்ப்பு அதிகம். நள்ளிரவில் புல் கோடு திடீரென இரண்டு மூன்று டிகிரி ஏறி மேல்காற்றுக் கோட்டோடு ஒட்டிக்கொண்டால் சென்சார் கெட்டுவிட்டது என்று ஓடாதீர்கள். மேகம் மூடியிருக்கும் அல்லது காற்று வீசிக் குளிர்ந்த அடுக்கைக் கலைத்திருக்கும். வெளியே வந்து நிமிர்ந்து பாருங்கள், நட்சத்திரம் மறைந்திருக்கும்.

புல் கோடு இறங்கி வந்து பூஜ்யத்தை ஒட்டிச் சற்று நேரம் சமமாக நின்று, பிறகு மறுபடி இறங்கினால், முனையில் ஒட்டிய நீர்த்துளி உறைந்திருக்கிறது. உறையும் நீர் தன் வெப்பத்தை விடுவதால் அந்த நிற்றல். மண் கோடு இரவு முழுக்க மெதுவாக, வழவழப்பாக இறங்க வேண்டும். அது குதித்தால் முதலில் இணைப்பைப் பாருங்கள். நான்கு கோடும் ஒரே நேரத்தில் குதித்தால் பக்கத்தில் மோட்டார் ஓடத் தொடங்கிய நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேகமான அளவுகளுக்குப் போக நினைத்தால்

வெப்பம் மெதுவாக மாறும், நிமிடத்துக்கு ஒன்று போதும். தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் தொட்டியின் விசிறி அதிர்வை அளக்க நினைத்தால் கதை வேறு. நிமிடத்துக்கு 1,440 சுற்று என்றால் நொடிக்கு 24. நொடிக்கு 25 முறை அளந்தால் திரையில் நொடிக்கு ஒரே ஒரு மெதுவான அலை தெரியும், அப்படி ஒன்று நிஜத்தில் இல்லவே இல்லை. குறைந்தது இரண்டு மடங்குக்கு மேல், நடைமுறையில் பத்து மடங்கு, அதாவது நொடிக்கு 240 முறையாவது அளக்க வேண்டும். இதற்குப் புதியவர்களுக்கு ஏற்றது டெல்லியிலுள்ள ஐயுஏசி ஆய்வு மையத்தில் மாணவர்களுக்காக உருவான எக்ஸ்ப்ஐஸ்-17. யூஎஸ்பியில் ஓடும் நான்கு தடச் சிறு அலைக்காட்டி அது, நொடிக்கு 10 லட்சம் முறை வரை அளக்கும், மென்பொருளும் இலவசம். அதன் ஏ1, ஏ2 முனைகள் 16 வோல்ட் வரை தாங்கும். அதற்கு மேல் கொடுக்கக்கூடாது. வீட்டு மின்சாரத்தை இந்த மாதிரிப் போர்டு எதிலும் நேரடியாகக் கொடுக்கவே கூடாது. போர்டு மட்டுமல்ல, லேப்டாப்பைத் தொட்டிருக்கும் கையும் அந்த ஒயரோடு சேர்ந்ததுதான்.

மெதுவான அனலாக் அளவுகளில் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறி வந்தால் 20 மில்லி நொடிக்குள் பல முறை அளந்து சராசரி எடுங்கள். ஒரு முழுச் சுழற்சி சேரும்போது மேலும் கீழும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 15 மில்லி நொடிக்கு எடுத்தால் போகாது.

பெட்டி மூடியின் உட்புறம் ஒரு அட்டை ஒட்டி, நான்கு சென்சாரின் முகவரி, ஐஸ் திருத்தம், சோதித்த தேதி மூன்றையும் அழியாத பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த நவம்பரில், முதல் பனிக்கு முன், நான்கையும் கழற்றி மறுபடி ஐஸில் இறக்கிப் புது எண்ணைப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கால் டிகிரிக்கு மேல் நகர்ந்திருந்தால் எஃகு முனைக்குள் ஈரம் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வெடித்திருந்தால் அந்தச் சென்சாரை மாற்றிவிட்டு, புது முகவரியை நிரலிலும் அட்டையிலும் ஒரே நாளில் திருத்துங்கள்.